மஞ்சள் தூளும் மாப்பிள்ளையின் மூக்கும்

நாமகிரிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு அவர் என்னைப் பெண் பார்க்க வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசிக் காலையில். பக்கத்துக் களத்தில் டிரம்மைச் சுற்றவிட்டு அப்பாவின் ஆட்கள் மஞ்சளுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்கள். காற்றெல்லாம் தூள். ஜமக்காளத்தில் உட்கார்ந்ததுமே அவர் தும்ம ஆரம்பித்தார். நான் காப்பித் தட்டோடு வந்தபோதும் தும்மல் நிற்கவில்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது.

அவருடைய தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இத்தன தும்மலு. சகுனம் சரியில்லீங்க. பொறவு பாக்கலாம்."

அவரோ எழவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே, "சகுனமெல்லாம் இல்லீங்க மாமா, மூக்குங்க. நம்மூட்ல தவுடு பொடைச்சாலும் இப்பிடித்தான். எனக்குப் பொண்ணப் புடிச்சிருக்குதுங்க" என்றார். சிவந்த கண்களோடு என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போதே பிடித்துவிட்டது.

கல்யாணமாகி எருமப்பட்டிக்குப் போனேன். தாய்வீடு போய்வந்தால் என் சேலையில் ஒட்டிய தூளே போதும், அன்றெல்லாம் தும்முவார். சளி என்று நினைத்து மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். பலிக்காமல் சேலத்தில் ஒரு மூக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"இது சளியில்லம்மா, அலர்ஜி" என்றார் டாக்டர். "தூள் கெடுதல் பண்றதில்ல. உடம்புதான் அதை எதிரின்னு தப்பா நெனைச்சுக்குது. ரத்தத்துல ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி அனுப்பி, மூக்கைத் தயாரா வெச்சிருது. அப்புறம் தூள் பட்டா அங்க இருக்கற செல்லெல்லாம் ஹிஸ்டமின்னு ஒண்ணைக் கொட்டிருது. அதனாலதான் தும்மலும் தண்ணியும்."

"அந்தச் சேதிய நிறுத்த முடியாதுங்களா?" என்று கேட்டார் இவர்.

"அதை இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்க. ஹிஸ்டமினைத் தடுக்க மாத்திரை இருக்கு. தூக்கம் வரும்."

நன்றாகவே வந்தது. என் தாய்வீட்டுக்குக் கிளம்பும்போது மாத்திரை போட்டால் பஸ்ஸிலேயே என் தோளில் சாய்ந்துவிடுவார். சாப்பிட இலைமுன் உட்கார்ந்தாலும் கண் சொருகும். அப்பா என்னைத் தனியே அழைத்து, "ஏஞ்சாமி, மாப்பிள்ளைக்குத் தோட்டங்காட்டுல வேல அத்தன கடுசா?" என்று விசாரித்தார். மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். தலையாட்டிவிட்டுக் களத்துப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த மாசியில், பஸ்ஸில் தூங்க வேண்டாமென்று மாத்திரையைப் போடாமல் பையில் வைத்துக்கொண்டு வந்தார். நாங்கள் போனபோது டிரம் ஓடவில்லை. களத்தில் தண்ணீர் தெளித்திருந்தது. வேலையை ஏன் நிறுத்தினீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"உங்கொப்பன் சொல்லுச்சு" என்றாள் அம்மா. "மாப்பிள்ள வாராரு, மாத்திர போட்டுத் தூங்கிப்போட்டா எனக்குப் பேச ஆளில்லீன்னு."

அன்று மாத்திரை பையிலேயே கிடக்க, அப்பாவும் அவரும் மாடு, மழை, கிணறு என்று பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.