அருள்ராஜின் தொங்கும் நாற்காலிகள்

எங்கள் அரிசி ஆலையில் தொலைபேசி முதலாளியின் அறையில் இருக்கிறது. வெளியூரிலிருந்து டிரங்க் கால் வந்தால் அவருக்குத்தான் வரும். சென்ற மாதம் ஒரு காலையில் அவரே வெளியே வந்து, "கோபாலு, உனக்குத்தான் போன். வடக்கேர்ந்து யாரோ பேசறாங்க" என்றார். மறுமுனையில் இந்தியும் ஆங்கிலமும் கலந்து ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். என் சிநேகிதன் அருள்ராஜ் காலையில் வேலைக்குக் கிளம்பி, பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. நெஞ்சுவலி. பனியால் பாதை அடைபட்டிருப்பதால் உடலைக் கீழே கொண்டுவர வழியில்லை, அங்கேயே அடக்கம் செய்கிறோம், வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றார்.

கொசப்பாளையத்தில் இருக்கும் அவன் தங்கை எஸ்தரிடம் சொல்ல சைக்கிளில் போனேன். வழியெல்லாம் அழுதேன். ஆனால் அழுகைக்கு முன்னால் இன்னொன்று வந்தது. இவன் போவதுகூடப் பனிமலை உச்சியில்தான் போகவேண்டுமா என்ற எரிச்சல் அது. அருள்ராஜை அறிந்த உங்களிடம் இதை மறைத்து அஞ்சலி எழுதினால் அவனே சிரிப்பான். நான் அவன்மேல் பொறாமைப்பட்டேன் என்பது ஆரணியில் பாதிப் பேருக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

நாங்கள் இருவரும் வேலூரில் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மெக்கானிகல் படித்தோம். மதிப்பெண்ணில் நான்தான் முன்னால். படிப்பு முடிந்த சமயத்தில் மலைகளில் கயிற்றுப் பாதை அமைக்கும் கம்பெனி ஒன்று சென்னையில் ஆள் எடுத்தது. இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். உள்ளே இருந்த அதிகாரி எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார். உயரம் என்றால் பயமா? நான் நெஞ்சை நிமிர்த்தி, "இல்லை சார்" என்றேன். எனக்குப் பிறகு அருள்ராஜ் போனான். வெளியே வந்ததும் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"பயம் இருக்குதுங்க, அதனாலதான் கெட்டியாப் புடிப்பேன்னு சொன்னேன்டா" என்றான்.

வேலை அவனுக்குக் கிடைத்தது. பயப்படுகிறவனுக்கு வேலை கொடுத்துவிட்டுப் பயப்படாதவனை வீட்டுக்கு அனுப்பினால் எனக்கு எப்படி இருக்கும்? நான் ஊருக்கு வந்து அரிசி ஆலையில் சேர்ந்தேன். என் பொறுப்பு பாய்லரும் எலிவேட்டரும். எலிவேட்டர் என்பது வேறொன்றுமில்லை. ஒரு நீண்ட பெல்ட்டில் வரிசையாகத் தகர வாளிகள் இருக்கும். அவை நெல்லை அள்ளிக்கொண்டு மேலே போகும், கொட்டிவிட்டுக் காலியாகக் கீழே வரும். நான் நெல்லை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவன் மனிதர்களை ஏற்றப் போய்விட்டான்.

மனிதர்களை உடனே ஏற்றிவிடவில்லை. முதலில் ஒரு சுரங்கத்தில் சரக்குக் கயிற்றுப் பாதையில் போட்டார்கள். கம்பியில் தொங்கும் தொட்டிகளில் கல் போகும் பாதை அது. அதைக் கேட்டபோது எனக்கு உள்ளூர நிம்மதி. வாளிக்கு வாளி சரியாகப் போயிற்று என்று நினைத்தேன். அடுத்த வருஷம் அவனைப் பீகாரில் ஒரு மலைக்கோயிலின் சேர் லிஃப்டுக்கு மாற்றினார்கள். என் நிம்மதி அதோடு போயிற்று.

அந்த வருஷம் லீவில் வந்தவன் நேராக ஆலைக்கு வந்தான். நெல் அவிக்கிற பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். தொங்கும் நாற்காலி என்றதும் மூட்டை தூக்கும் முனுசாமி கேட்டார்.

"அது நிக்காமே போய்கினே இருந்தா ஜனங்க எப்படிங்க ஏறுவாங்க?"

"நிக்காதுண்ணே. கயிறு போய்கினே இருக்கும், சேரு அதோட கெட்டியா மாட்டியிருக்கும். நாமதான் கோடு போட்ட இடத்துல ரெடியா நிக்கணும். அது பின்னாடியே வந்து முட்டியில இடிக்கும். உக்காந்துடணும், அவ்ளோதான்."

சொன்னதோடு விடவில்லை. என் மேஜையின் சக்கரம் வைத்த நாற்காலியை எடுத்துவந்து, தரையில் கோடு கிழித்து முனுசாமியை அதில் நிற்கவைத்து, பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு ஓடினான். முனுசாமி பொத்தென்று உட்கார்ந்தார். அப்படியே களத்தைச் சுற்றி ஒரு சவாரி. பிறகு ஆளாளுக்கு வரிசையில் நின்றார்கள். என் ஆலையில், என் நாற்காலியில், என் ஆட்கள். முதலாளிகூட ஒரு முறை உட்கார்ந்து பார்த்தார். அதுவரை நான் ஓட்டிவந்த எலிவேட்டரை யாரும் நின்று பார்த்ததில்லை.

ஒவ்வொரு லீவிலும் ஒரு புதுவகையோடு வந்தான். இரண்டே இரண்டு பெரிய பெட்டிகள் உள்ள ரோப்வேயைப் பற்றி ஒரு வருஷம் சொன்னான். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். கீழே வருகிற பெட்டியின் கனமே மேலே போகிற பெட்டியை இழுக்க உதவும். நடுவழியில் இரண்டும் ஒன்றையொன்று கடக்கும்போது உள்ளே இருப்பவர்கள் முன்பின் தெரியாதவர்களுக்கும் கை காட்டுவார்களாம். "அது ஏன்னு தெரிலடா. பஸ்ல போறவன் எதிர் பஸ்காரனுக்குக் கை காட்றானா? கயித்துல தொங்கினா எல்லாரும் சொந்தமாயிடறாங்க" என்றான். இன்னொரு வருஷம் பனிச்சறுக்கு மலையில் வேலை. அங்கே ஒரு லிஃப்ட் ஆளைத் தூக்குவதே இல்லை. மேலே ஓடும் கயிற்றிலிருந்து ஒரு கட்டை தொங்கும். அதை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் போதும், சறுக்குப் பலகையில் நின்றபடியே அது மலைமேல் இழுத்துக்கொண்டு போகும். "உக்காரக் கூடாதா?" என்று என் மனைவி சரோஜா கேட்டாள். "உக்காந்தா வுழுந்துடுவம்மா. புதுசா வரவங்க எல்லாரும் உக்காந்து பாத்துட்டு, வுழுந்துதான் கத்துக்குவாங்க" என்று சிரித்தான். சரோஜா அன்று முழுவதும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அவன் வற்புறுத்தித்தான் நானும் சரோஜாவும் ஒரு மார்ச் மாதம் அந்தப் பனிச்சறுக்கு ஊருக்குப் போனோம். ரயிலும் பஸ்ஸுமாக உடம்பு அடித்துப்போட்டதுபோல் ஆகிவிட்டது. பனியை முதல்முறை பார்த்த சரோஜா அதை அள்ளி முந்தானையில் முடியப் பார்த்தாள். மறுநாள் எங்களைச் சேர் லிஃப்டில் ஏற்றினான். ஒற்றை ஆள் நாற்காலிகள். சரோஜா முன்னால், நான் அடுத்த நாற்காலியில். ஏறும் முன் அவளிடம் மட்டும் சொன்னான்: "வழியில நின்னுட்டா குதிச்சிடாதம்மா. கயிறு நிக்குதுன்னா எவனோ ஒருத்தன் கீழ முழிச்சிகினு இருக்கான்னு அர்த்தம்."

பாதி வழியில் நின்றுவிட்டது. சக்கரத்தில் ஏதோ சிக்கிக்கொண்டதாம். காற்று வீசத் தொடங்கியது. நாற்காலி ஊஞ்சல் மாதிரி ஆடியது. கீழே பார்த்தேன். வெள்ளைவெளேரென்று இருந்ததால் எவ்வளவு ஆழம் என்றே தெரியவில்லை. சென்னையில் அந்த அதிகாரியிடம் நான் சொன்னது பொய் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. நாற்காலியின் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "சரோஜா!" என்று கத்தினேன். அவள் திரும்பிப் பார்க்காமலே, "பேஜார் பண்ணாதீங்க, சும்மா இருங்க. அண்ணன் வருவாரு" என்றாள்.

அண்ணன் வந்தான். தூணில் ஏறி, கம்பியில் ஒரு சின்னக் கப்பியை மாட்டி, அதில் தொங்கிய பலகையில் உட்கார்ந்து கயிற்றைக் கையால் பற்றி இழுத்து இழுத்து மேலே வந்தான். எங்களுக்குப் பின்னால் இருந்தவர்களை ஒவ்வொருவராக இறக்கினான். அக்குளுக்கடியில் பட்டை மாட்டி, கயிற்றைக் கீழே நின்ற ஆட்கள் பிடித்துக்கொள்ள, மெல்ல மெல்லப் பனியில் இறக்கினார்கள். என்னிடம் வந்தபோது அவன் உதடு நீலமாகியிருந்தது.

"முதல்ல அவளை இறக்குடா" என்றேன்.

"அவ தைரியமா இருக்கா. நீதான் நடுங்கிகினு இருக்கே. கையை வுடு. வுடுடா, நான் புடிச்சிருக்கேன்."

கை விடவில்லை. அவன் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பட்டையின் கொக்கியை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு என்னை விட்டான். பனியில் கால் பட்டதும் நிமிர்ந்து பார்த்தேன். அவன் அடுத்து சரோஜாவிடம் போய்க்கொண்டிருந்தான். பின்னால் வெயில். உயிரைக் காப்பாற்றியவனைப் பார்த்து எனக்குத் தோன்றியது நன்றி அல்ல. அந்த இடத்தில், அந்தக் கம்பியில் நான் இருந்திருக்க வேண்டும் என்பதுதான்.

அன்று மாலை அவன் அறையில் கணப்பருகே உட்கார்ந்திருந்தோம். "பராமரிப்புக்கு ஒரு டிப்ளமாகாரன் வேணும்னு கேட்டுகினு இருக்காங்க. நீ வரியாடா? நான் சொன்னா எடுத்துக்குவாங்க" என்றான். சரோஜா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு வரச் சம்மதம் என்று கண்ணிலேயே தெரிந்தது. முதலாளியிடம் கேட்கவேண்டும் என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். உயரம் என்றால் பயம், அது ஒரு காரணம். அவன் சொல்லி எடுத்துக்கொள்ளப்பட்டு, அவனுக்குக் கீழே நின்று வேலை செய்ய முடியாது என்பது பெரிய காரணம். அவன் மறுபடி கேட்கவில்லை.

பிறகு கம்பெனி அவனை ஐரோப்பாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அங்கே கோண்டோலா என்னும் கண்ணாடிப் பெட்டிகளை ஓட்டப் பழகிக்கொண்டு வந்தான். அவை சேர் லிஃப்ட் போலக் கயிற்றோடு நிரந்தரமாகப் பிணைந்தவை அல்ல. நிலையத்துக்குள் வந்ததும் பிடி தானாகத் திறந்து பெட்டி கயிற்றை விட்டுவிடும். தண்டவாளத்தில் மெதுவாக நகரும். கிழவர்களும் குழந்தைகளும் நிதானமாக ஏறலாம். வெளியே போகும்போது வேகம் கூடி மறுபடி கயிற்றைக் கவ்விக்கொள்ளும். "கவ்வறது பெரிசில்லடா. சரியான எடத்துல வுடணும், அதுலதான் எல்லா வேலையும் இருக்குது" என்றான். அங்கே பனி விளையாட்டுக்கு மட்டும் அல்ல, மலைமேல் இருக்கும் வீடுகளுக்குப் பால் கேன், தபால், கோதுமை மூட்டை, கல்யாணப் பெண் எல்லாமே கயிற்றில்தான் போகுமாம். மேலே ஒரு மாட்டுக்காரர் வீட்டில் அவனுக்குச் சூடாகப் பாலும் ரொட்டியும் கொடுத்தார்களாம். காந்தி சாலைக் காபி ஓட்டலில் உட்கார்ந்து அவன் இதைச் சொல்லச் சொல்ல எனக்குத் தாங்கவில்லை.

"உனக்கு எல்லாமே கிடைச்சிடுச்சுடா" என்றேன். குரல் எனக்கே நன்றாக இல்லை.

இந்த மாதிரி நேரத்தில் மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? நீதான் குடும்பம் குட்டியோடு நிம்மதியாக இருக்கிறாய், எனக்கு அங்கே தனிமை, அது இது என்பார்கள். அருள்ராஜ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தான்.

"ஆமாண்டா, கிடைச்சிது. நல்லாத்தான் இருக்கேன். உன் மனசு ஆறணும்னு நான் கஷ்டப்படறேன்னு பொய் சொல்லணுமா? சொல்ல மாட்டேன். நீ வந்திருக்கலாம். கூப்ட்டேன், வரல."

நான் எழுந்து போய்விட்டேன். மறுநாள் காலை எதுவும் நடக்காததுபோல ஆலைக்கு வந்து, எலிவேட்டரின் தேய்ந்த பேரிங்கைக் கழற்ற என்னோடு உட்கார்ந்தான். மதியம் வரை கிரீஸில் புரண்டோம். போகும்போது, "ஓசை இப்ப நல்லா இருக்குது" என்றான். அதற்குப் பிறகும் பொறாமை போகவில்லை. ஆனால் அவன் லீவுக்கு வரும் நாளை என்னைப்போல் எதிர்பார்த்தவர்கள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

தேவாலயத்தில் அவனுக்காக நடந்த ஜெபக் கூட்டத்துக்கு நீங்கள் பலர் வந்திருந்தீர்கள். அதற்கு அடுத்த வாரம் அவன் துணிமணிப் பெட்டி ரயில் பார்சலில் வந்தது. எஸ்தர் என்னையும் சரோஜாவையும் கூப்பிட்டு, "அண்ணன் ஞாபகமா ஏதாவது ஒண்ணு எடுத்துக்குங்க" என்றாள். கம்பளிக் கோட்டு ஒன்று இருந்தது. கனமானது, பனிமலையில் வேலைக்குப் போடுவது. இரண்டு கை விளிம்பிலும் கிரீஸ் கறை. எடுத்து மாட்டிப் பார்த்தேன். தோளிலும் கையிலும் எனக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. கொஞ்சம் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்திருக்கலாம். அப்படியானால் நான் வேறு ஆள், அவனுக்குப் பொருந்திய வாழ்க்கை எனக்குப் பொருந்தியிருக்காது என்று ஆறுதல் கொண்டிருப்பேன்.

எஸ்தர் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சரோஜா வந்து பொத்தானைக் கழற்றினாள். "வேர்த்துக் கொட்டுது. கழட்டுங்க" என்றாள்.

ஆரணியில் அதைப் போடும் குளிர் ஒருநாளும் வராது. இருந்தாலும் அது என்னிடம்தான் இருக்கிறது. பையில் அந்துருண்டை போட்டு, அலமாரியில் என் சட்டைகளுக்கு நடுவே தொங்கவிட்டிருக்கிறேன்.