அரை மீட்டர்

எங்கள் ஆய்வகக் கணினியின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘முதல் தடவை எர்ரர் வரும். பயப்படாமல் மறுபடி அடிக்கவும்.’ எழுதியவர் ஆபரேட்டர் அண்ணன். முதலியார்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். கடலலையின் உயரத்தைக் கணிக்கும் எங்கள் புரோகிராம், தேதி மாறினால்கூட முழுவதையும் மறுபடி கட்ட வேண்டிய பழைய சரக்கு. தினமும் காலையில் அதைக் கட்டி ஓடவிட்டு, வந்த எண்ணை வைத்திக்குப்பத்துப் படகுக்காரர்களுக்குப் போனில் சொல்வார். அவர் சொன்னால்தான் அங்கே படகு இறங்கும்.

அந்தப் புரோகிராமைப் புதிய பில்ட் முறைக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. நூற்றுக்கணக்கான துண்டுகளை வரிசை தப்பாமல் சேர்த்து, ஓடக்கூடிய ஒன்றாக்குவதுதான் பில்ட். மூன்று மாதம் என்று தொடங்கியது ஒரு வருடம் இழுத்தது. ஒன்றைச் சரிசெய்தால் ஒன்பது உடையும். கடைசியில் அது ஓடியபோது எனக்குச் சந்தோஷம்கூட வரவில்லை. பழைய முடிவுகளோடு ஒப்பிட வேண்டும். ஆழ்கடல் எண்கள் ஒத்துப்போயின. கரையோர எண்களைப் பார்க்கவில்லை. போதுமடா சாமி என்று விட்டுவிட்டேன்.

“உள்ள ஏதாச்சும் மாறியிருக்கா தம்பி?” என்று அண்ணன் கேட்டார்.

“ஒண்ணும் மாறலண்ணே. கட்டுற விதந்தான் வேற.”

அடுத்த நான்கு நாளும் அவர் படகுகளை நிறுத்தச் சொன்னார். கடலோ அசையவில்லை. ஐந்தாம் நாள் படகுக்காரர் ஒருவர் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். “இன்னாண்ணே, கடலு கொளமாட்டம் கெடக்குது, நீ போவாதன்ற. பெரிய மார்க்கெட்டுல மத்த குப்பத்து மீனுதான் விக்குது. இனிமே உன்ன எவன் கேப்பான்?”

அவர் போன பிறகுதான் அண்ணன் வாயைத் திறந்தார். கரையோர எண் எப்போதும் குறைவாகவே வருகிறது என்று படகுக்காரர்களிடம் கேட்டுக் கேட்டே கண்டுபிடித்திருக்கிறார். பல வருடங்களாக அரை மீட்டர் கூட்டித்தான் சொல்லி வந்தாராம். “படிச்சவங்க போட்ட கணக்க நான் போய் தப்புன்னு சொல்றதா தம்பி?”

தோண்டிப் பார்த்தேன். முதல் தடவை எர்ரர் வந்தது கடலடி ஆழத்தைச் சொல்லும் துண்டில். மறுபடி அடித்தால், என்றோ கட்டி அங்கேயே கிடந்த பழைய துண்டை அது எடுத்துக்கொள்ளும். கடலரிப்பைத் தடுக்கக் கரையில் கல் கொட்டுவதற்கு முந்தைய ஆழம் அது; அதனால்தான் கரையோர எண் குறைந்து வந்திருக்கிறது. புதிய முறை பழையது எதையும் தொடாது; எண் சரியாக வந்துவிட்டது. சரியான எண்ணின் மேல் அவர் அரை மீட்டர் கூட்டியிருக்கிறார்.

தவறு என்னுடையது என்றுதான் எழுதிக் கொடுத்தேன். கையால் கூட்டியது குற்றம் என்று மேலிடத்தில் சொல்லி, அவரை ஸ்டோர் அறைக்கு மாற்றிவிட்டார்கள். நான் அலுத்துப்போய் ஒப்பிடாமல் விட்டதற்கு அவர் பேர் கெட்டது. இப்போது எண் தானாகவே எல்லார் போனுக்கும் போகிறது, பிசகாமல். வைத்திக்குப்பத்தில் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லையாம்.

மன்னிப்புக் கேட்கத்தான் ஸ்டோர் அறைக்குப் போனேன். கண்டுபிடித்ததை முதலிலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப இத்தன வருஷமா நான் கூட்டுனது சரிதானே?” என்றார்.

“ரொம்பச் சரிண்ணே.”

அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை. அதன் பிறகு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.