நடுவில் விழுந்த பந்து

நேற்று கம்பத்தில் மருந்துக்கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றவர் வலிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை வாங்கி, அங்கேயே வேட்டியைத் தூக்கி முழங்காலில் புஸ்ஸென்று அடித்துப் பார்த்தார். அந்த நெடி மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் வாங்க வந்த மாத்திரையின் பெயரே மறந்துவிட்டது. ஒரு காலத்தில் என் பை, என் துண்டு, என் சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் அந்த நெடிதான். ஒரு பெண்கள் வாலிபால் அணிக்குச் சம்பளத்துக்குப் பயிற்சியாளராக இருந்தேன். சிரிக்காதீர்கள். இன்று மாடிப்படி ஏறக் கைப்பிடி தேடுகிற இதே ஆள்தான் அன்று வலைக்கு மேலே எழும்பி அடித்தவள்.

வாய் மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை. என் வாய்க்குப் பயந்துதான் பிள்ளைகள் நன்றாக ஆடுகிறார்கள் என்று எனக்கு அப்போது ஒரே பெருமை.

அந்த வருடம் தை மாதம் லீக் தொடங்கியது. ஆண்டிபட்டியில் தோற்றோம், பெரியகுளத்திலும் தோற்றோம். அதன் பிறகுதான் பாண்டியம்மாளைப் பின்வரிசையில் நிறுத்தினேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை, ஒல்லிக்குச்சி. தரையைத் தொடப் போகிற பந்தைக்கூட விழுந்து புரண்டு எடுத்துவிடுவாள். வரிசையாக நாலு ஆட்டம் ஜெயித்தோம். இன்னும் ஒன்று ஜெயித்தால் மண்டலப் போட்டிக்குப் போகலாம். அதில் ஆடியவர்களுக்கு மதுரையில் ஒரு கல்லூரி இலவசமாக இடம் தருவதாக இருந்தது. பாண்டியம்மாளுக்கு அந்த இடம்தான் உயிர். கிடைக்காவிட்டால் கல்யாணம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள்.

“ஜெயிச்சுருவோம்ல மேடம்?” என்று தினமும் கேட்பாள்.

“நீ பந்தப் பாரு, மத்தத நான் பாத்துக்கிறேன்” என்பேன். நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இருக்கிறதே!

கடைசி ஆட்டம், ஐந்தாவது செட். எதிரணிக்குப் பதினான்கு, எங்களுக்குப் பதிமூன்று. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் அவர்களுக்கு ஆட்டம். அவர்கள் போட்ட சர்வீஸ் பாண்டியம்மாளுக்கும் கேப்டன் நிவேதாவுக்கும் நடுவில் வந்தது. அந்த மாதிரிப் பந்துக்கு ஒருத்தி ‘எனக்கு’ என்று கத்த வேண்டும், மற்றவள் விலக வேண்டும். வாலிபாலில் முதல் நாள் பாடமே அதுதான். பாண்டியம்மாள் ஓர் எட்டு முன்னால் வைத்தாள். நிவேதாவைப் பார்த்தாள். நின்றுவிட்டாள். நிவேதாவும் அசையவில்லை. பந்து பொத்தென்று விழுந்தது. ஆட்டம் போயிற்று.

“வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? கத்துறதுக்கு என்னடி கேடு? பன்னெண்டு பேரு உழைப்பக் கெடுத்துட்டியேடி!”

மைதானமே கேட்க, அவளை மட்டும் திட்டினேன். தலையைத் தூக்காமல் நின்றாள். மறுநாளிலிருந்து வரவில்லை. வேண்டுமானால் அவளே வரட்டும் என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

லீக் முடிந்தால் எனக்குச் சம்பளம் கிடையாது. அதனால் சித்திரை பிறந்ததும் பெரியவர்களுக்கு வாலிபால் வகுப்பு எடுப்பேன். காலை ஆறு மணிக்கு நர்ஸ், வங்கியில் வேலை பார்ப்பவர், துணிக்கடை மும்தாஜ் அக்கா என்று பத்துப் பன்னிரண்டு பெண்கள், சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். எல்லோருக்கும் சர்க்கரை குறைய வேண்டும், ஆனால் யாரும் குனிய மாட்டார்கள். அணியைவிட இவர்களுக்குத்தான் ஸ்ப்ரே அதிகம் செலவானது. ஒச்சம்மாள் என்ற மாமியாரும் கவிதா என்ற மருமகளும் சேர்ந்தே வந்தார்கள்.

வைகாசியில் ஒருநாள், இருவருக்கும் நடுவில் ஒரு பந்து வந்தது. கவிதா சரியாக அதற்கு அடியில் நின்றாள். கை நீளவில்லை. பந்து விழுந்து உருண்டது.

“ஏம்மா, ஒனக்கு வந்த பந்துதான? கத்த வேண்டியதுதான?”

“அத்தை நிக்கிறாக மேடம்” என்றாள் கவிதா மெதுவாக. “அவுகள வெலகச் சொல்லி எப்படிக் கத்துறது? வீட்டுக்குப் போகணும்ல?”

“ஏத்தா, கத்துனா ஒன்னயக் கடிச்சா தின்னுருவேன்?” என்றார் ஒச்சம்மாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதியில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

நிவேதா வீட்டுத் திராட்சைத் தோட்டத்தில்தான் பாண்டியம்மாளின் அம்மாவுக்கு வேலை. லீவு நாளில் பாண்டியம்மாளும் அங்கே கொத்து வெட்டப் போவாள். ஒரு வயதுதான் வித்தியாசம், ஆனாலும் நிவேதாவை ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவாள். இது எல்லாமே எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவளிடம் போய், கத்து என்றேன். கத்தவில்லை என்று ஊர் பார்க்கத் திட்டினேன்.

அந்தக் கல்லூரியில், மண்டலப் போட்டிக்குப் போகாதவர்களுக்கு, ஆடவைத்துப் பார்த்து எடுக்கும் நேரடித் தேர்வு ஒன்றும் உண்டு. அதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. கையோடு கூட்டிப் போய் நிறுத்திவிட வேண்டும் என்று, விளையாடிய உடுப்புடனேயே பஸ் ஏறினேன். தோட்டத்தில் பந்தலுக்கு அடியில் அவளுடைய அம்மா கூடையில் காகிதம் விரித்துக்கொண்டிருந்தார்.

“பாண்டியம்மா எங்க?”

“அவளப் போன வாரம் கட்டிக் குடுத்தாச்சே மேடம். மாப்ள மேகமல எஸ்டேட்டுல இருக்காக.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அன்னைக்கு நான் அவள ரொம்பத் திட்டிட்டேன்மா” என்றேன்.

“நீங்களா?” என்று ஆச்சரியமாகப் பார்த்தார். “அவ அப்படி ஒண்ணும் சொல்லலையே. மேடம் எம்புட்டோ சொல்லிக் குடுத்தாக, எனக்குத்தான் வெளையாட வரலன்னுல்ல அழுதா.”

மாப்பிள்ளையின் செல் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வருடம் அணி கலைந்தது. மைதானத்தைப் பிளாட் போட்டு விற்று, இப்போது அங்கே வரிசையாக வீடுகள். அந்த நம்பரை எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். முதல் வார்த்தை என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிடுவேன். இப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. நேற்று மருந்துக்கடையிலிருந்து வந்ததும் யோசிக்காமல் போட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லையாம்.