தரை சொன்ன பொய்

புதுப் பூச்சின் வாசனை... மூடிய கைக்குள் சிவப்பு மரக் கிலுகிலுப்பை. உள்ளே உருளும் மணிகளின் மெல்லிய சலசலப்பு.

ஒரு வயதுப் பேரனுக்கு எந்தப் பொம்மை வாங்கலாம் என்று இந்தக் குழுவில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். அதைப் படித்ததும் அந்த வாசனைதான் முதலில் வந்தது.

என் மகள் அமுதாவுக்கு அப்போது பத்து மாதம். ஆண்டர்சன்பேட்டைக் கடைவீதியில் நான்கு கிலுகிலுப்பைகளை ஒவ்வொன்றாக என் காதருகே குலுக்கி, ஒலி இனியதைத் தேர்ந்தெடுத்தேன். இனிய ஓசையைக் கேட்டு வளரும் பிள்ளையின் நாவில் இனிய சொல் அமரும் என்பது என் நம்பிக்கை.

நான் தங்கச் சுரங்கத்தில் டைம்கீப்பர்; ஆட்கள் இறங்கி ஏறும் நேரத்தைக் குறிப்பவன். ஷிஃப்டுக்குப் புறப்படுமுன் விளக்கேற்றிப் பாசுரம் பாடுவது வழக்கம். அழும் குழந்தையை மார்பில் சாய்த்துக்கொண்டு பாடினால் உடனே அடங்கிவிடுவாள். தமிழுக்கு மயங்குகிறாள் என்று பூரித்துப்போவேன்.

சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லைனில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா, பால்வாடி டீச்சர். வாய்த்துடுக்கு அதிகம்.

"இன்னா அண்ணே, உங்க பாட்டுக்கு லைன் மொத்தமும் எழுந்துக்குது. உங்க பொண்ணு மட்டும் நிம்மதியா தூங்குது!"

எல்லோரும் சிரித்தோம். ஒரு வாரம் கழித்து அதையே மறுபடி சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் குழந்தையைப் பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள்.

என் மனைவி கோமளாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா பேச்சு பேசறீங்க டீச்சர்? நேத்து ராக் பர்ஸ்ட்டுக்கு அலறி எழுந்துச்சே... காது கேக்காமதான் எழுந்துச்சா?"

ஆழத்தில் பாறை வெடித்து நொறுங்கும்போது, மேலே எங்கள் லைன் வீடுகளில் பாத்திரங்கள் உருளும், சுவர் நடுங்கும். அதற்குத் திடுக்கிடும் குழந்தைக்குச் செவி நன்றாக இருக்கிறது என்பது எங்கள் எல்லோருடைய கணக்கு. வேறு பரீட்சை வைக்க யாருக்கும் தோன்றியதில்லை.

"சரி கோமளா. அந்தக் கிலுகிலுப்பைய எடுத்துட்டு வா. பாத்துடலாம்" என்றாள் ஸ்டெல்லா.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். சிமெண்ட் தரையில் அமுதா. எதிரே கோமளா, ஒரு மரக்கரண்டியைக் காட்டி விளையாட்டுக் காட்டுகிறாள். பின்னால் நான். குலுக்கினேன்.

அவள் திரும்பவில்லை.

இன்னும் பலமாகக் குலுக்கினேன். கை வியர்த்து, கிலுகிலுப்பை நழுவித் தரையில் விழுந்தது.

சட்டெனத் திரும்பினாள்! என்னைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தாள்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா டீச்சர்!" கோமளா கத்தியே விட்டாள். என் கைகள் தாமாகக் குவிந்தன.

ஸ்டெல்லா குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே... அது காதால திரும்பல. தரை அதிர்ந்துச்சு, அதான் திரும்புச்சு."

பிறகு கோமளாவிடம் திரும்பினாள்.

"கோமளா, தூக்கி மடியில வெச்சுக்கோ. நீ அசையக் கூடாது. உன் ஒடம்பு குலுங்குனாலே அவளுக்குத் தெரிஞ்சுடும்."

வலச் செவிக்குப் பின்னால் குலுக்கினேன். இடச் செவிக்குப் பின்னால் குலுக்கினேன். அமுதா, தாயின் கழுத்துக் கருகமணியை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தாள்.

எழுந்துபோய்ப் பூஜை மாடத்திலிருந்து வெண்கல மணியை எடுத்துவந்தேன். இறைவனையே எழுப்பும் மணி அல்லவா... மணிக்கட்டு வலிக்கும்வரை அடித்தேன்.

"இன்னா சாமி, இந்நேரத்துல பூஜை?" எதிர்வீட்டிலிருந்து யாரோ கேட்டார்.

குழந்தை கருகமணியை விடவில்லை. கோமளாவும் சொன்னபடியே சிலையாக இருந்தாள். கண்ணீரை மட்டும் அவளால் நிறுத்த முடியவில்லை. ஒரு துளி குழந்தையின் உச்சந்தலையில் விழுந்தது.

அதற்கு நிமிர்ந்து பார்த்தாள் அமுதா.

மார்பில் சாய்ந்து அவள் அடங்கியதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் பாடியபோது அதிர்ந்த நெஞ்சைத்தான் பிள்ளை அறிந்திருந்தது. ஒரு சொல்லையும் கேட்டதில்லை.

பெங்களூரு மருத்துவர் உறுதிசெய்தார். வீடு திரும்பியதும் கிலுகிலுப்பையைப் பெட்டிக்குள் பூட்டப்போனேன். ஸ்டெல்லா தடுத்தாள்.

"கையில குலுங்குறது அவளுக்குத் தெரியுது இல்ல? எதுக்கு அண்ணே புடுங்கறீங்க?"

அதன்பின் வாங்கிய விளையாட்டுப் பொருள்களை அமுதாவின் கண்ணும் கையும்தான் தேர்ந்தெடுத்தன. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள், சுழலும்போது நிறம் மாறும் பம்பரம், முகம் பார்க்கும் சிறு கண்ணாடி... எதைக் காட்டினாலும் அவள் முகத்துக்கு நேரே அமர்ந்து, என் உதடு அவளுக்குத் தெரியும்படி பேர் சொல்லிக் காட்டக் கற்றுக்கொண்டேன். கையால் பேசும் மொழி ஒன்று உண்டென்றுகூட எங்கள் லைனில் அன்று எவருக்கும் தெரியாது. நாங்களே சில சைகைகளை உண்டாக்கிக்கொண்டோம்.

இன்று பொம்மைப் பெட்டியின்மேல் எத்தனை மாதக் குழந்தைக்கு என்று அச்சிட்டே வருகிறது. பெங்களூரில் அமுதாவுக்குப் பெண் பிறந்த மூன்றாம் நாளே கருவி வைத்துச் செவியைச் சோதித்து, குறையில்லை என்று தாளும் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் இழந்த பத்து மாதங்களை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அமுதா அந்தத் தாளை நம்பவில்லை. ஐந்து மாதமாகக் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை மொபைலில் அவளிடமிருந்து செய்தி வந்தது. "அப்பா, குக்கர் விசில் அடிச்சுது."

எனக்குப் புரியவில்லை. "உனக்கு எப்படியம்மா தெரியும்?" என்று எழுதினேன்.

"பாப்பா கிச்சன் பக்கம் திரும்பினா. போய்ப் பாத்தேன், ஆவி வந்துட்டிருந்துச்சு."

கோமளாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள்.