புளிப்பானைக்குள் நாற்பத்தொரு வெள்ளிக்காசு

1983 ஜூலை மாதக் கடைசி. கட்டுகஸ்தோட்டையில், கண்டி டவுனுக்குப் போகிற ரோட்டோரம் எங்கள் வீடு. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம், இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை. பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் மனைவியோடும் சின்ன மகளோடும் குடியிருந்தார். கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர் வேலை. நாங்கள் முஸ்லிம்கள், அவர்கள் சைவம். இறைச்சிக் கறிக்கு மட்டும்தான் அவர்கள் கதவு சாத்தியிருக்கும், மற்ற எல்லாவற்றுக்கும் திறந்தே இருக்கும்.

அன்று பகல் டவுன் பக்கம் புகை எழும்பியது. கலவரக்காரர்கள் தமிழ்க் கடைகளைக் கொளுத்துகிறார்கள் என்று என் கணவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். பின் வேலியைப் பிரித்து மூன்று பேரையும் எங்கள் சாமான் அறைக்குள் விட்டுப் பூட்டினோம். பின்னேரம் தெரிந்த ஒருவரின் வேன் கிடைத்தது. அகதி முகாமுக்குப் போக ஏறும்போது ஐயா ஒரு பிஸ்கட் டின்னை என் கையில் தந்தார்.

"முகாமில இதை வைச்சிருக்கேலாது தங்கச்சி. நான் வந்து எடுக்கிறன்."

திறந்து பார்த்தால் நாற்பத்தொரு வெள்ளிக்காசு. விக்டோரியா ராணியின் தலை போட்ட ரூபாய்கள், வெள்ளைக்கார ராஜாவின் தலை போட்ட ஐம்பது சதங்கள். ஒவ்வொன்றும் ஒரு கடதாசி உறைக்குள். உறையின்மேல் அவருடைய முத்து முத்தான எழுத்தில் வருடம், கிடைத்த இடம். யாருடைய கையிலும் புழங்காத ஒரு ஐம்பது சதத்தை மட்டும் தனியாகப் பட்டுத்துணியில் சுற்றியிருந்தார். ஊர் பற்றி எரியும்போது ஒரு மனிதர் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது இதைத்தானா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

மறுநாள் காலை, தமிழரின் சாமான்களை ஒளித்து வைத்திருக்கும் வீடுகளைத் தேடி ஒரு கூட்டம் வருவதாகக் கேள்விப்பட்டோம். கணவர் வெளியே போயிருந்த நேரம். ரோட்டில் சத்தம் கேட்கிறது. உறைகளில் இருந்த எழுத்து, காசு யாருடையது என்று காட்டிக்கொடுத்துவிடுமே என்று உறைகள் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன். காசை எங்கே போடுவது? பயத்தில் வயிற்றில் புளியைக் கரைக்கும் என்பார்கள். எனக்கு யோசனையே புளிப்பானையில்தான் போய் நின்றது. உப்புப் போட்டு அமுக்கி வைத்த பழம்புளி. நாற்பத்தொன்றையும் அதற்குள் குத்திக் குத்தி அமுக்கி, மேலே புளியால் மெழுகி மூடினேன்.

ஐந்து பேர் வந்தார்கள். அலுமாரியைக் கொட்டினார்கள், மெத்தையைப் புரட்டினார்கள். ஒருவன் குசினிக்குள் வந்து பானை மூடியைத் திறந்தான். கையிலிருந்த கம்பியால் புளியில் ஒரு குத்துக் குத்தினான். கம்பி காசில் பட்டுச் சத்தம் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பிள்ளையைக் கிள்ளிவிட்டேன். அது வீடு அதிர அழுதது. அவன் கம்பியை உருவி, ஒட்டியிருந்த புளியை என் சுவரில் துடைத்துவிட்டுப் போனான்.

மூன்று மாதம் கழித்துத்தான் அந்தப் பானையில் கை வைக்கும் தைரியம் வந்தது. காசெல்லாம் புளி அப்பிக் கன்னங்கரேலென்று இருந்தன. அடுத்தவர் நம்பித் தந்த பொருள், எங்கள் மார்க்கத்தில் அதற்கு அமானிதம் என்று பெயர். அழுக்காகத் திருப்பிக் கொடுப்பதா? உட்கார்ந்து தேங்காய்த் தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். அப்பாடா, என்ன மினுக்கம்! ஐயா பார்த்தால் அசந்துபோவார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டுத்துணியோடே புளிக்குள் அமுக்கியிருந்த காசை இரண்டு முறை தேய்த்தேன்.

ஐயாவின் குடும்பம் முகாமிலிருந்து யாழ்ப்பாணம் போனது. சண்டை வலுத்தது, பாதை அடைபட்டது. எப்போதாவது ஒரு கடிதம் வந்தால் பெரிய விஷயம். கண்டியில் எங்களுக்கும் பயமில்லாத நாட்கள் குறைவுதான். ஆனாலும் காசுகளைத் திரும்பப் போட்டு வைத்த அந்த டின்னை விட்டு என் கண் விலகியதில்லை.

போர் நிறுத்தம் வந்து 2002இல் பாதை திறந்தது. ஐயாவிடமிருந்து நீண்ட கடிதம். வீட்டுக்குக் கூரை இல்லை, மூன்று பேரும் தறப்பாளுக்குக் கீழே இருக்கிறார்களாம். மாரி மழைக்கு முன் கூரை போட வேண்டும், கையிலிருக்கும் ஒரே வழி அந்தக் காசுகள்தான். வெளிநாட்டில் ஒரு கம்பனிக்கு அனுப்பினால் பூதக்கண்ணாடியில் பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று புள்ளி போட்டு, பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருவார்களாம். கிரேடிங் என்று பெயர். நல்ல புள்ளி கிடைத்தால் விலை எங்கேயோ போய்விடுமாம். ஆனால் கட்டணம் அதிகம், கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். 'கண்டியில் விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டி, அனுப்பலாமா வேண்டாமா என்று கேட்டு வையுங்கள். நீங்கள் சொன்னால் போதும், அதன்படி செய்வேன்' என்று முடித்திருந்தார்.

காசுகளை ஒரு துணியில் முடிந்து, டவுனில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். எங்கள் மார்க்கத்து ஆள்தான். துணியை விரித்ததும் அவர் முகம் மாறியது. லென்ஸை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதக் கழுவினது யாரு தாத்தா?" என்றார். எங்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா.

"நான்தான். ஏன், நல்லா மின்னுதுதானே?"

"மின்னக் கூடாதே! இதுக்கு மேல படியிற பழைய கறுப்புத்தான் இதுட வயசு. நீங்க தோலையே உரிச்சிட்டீங்க. கம்பனிக்காரன் கழுவினதெண்டு எழுதித் திருப்பி அனுப்புவான். கட்டின காசும் போச்சு."

லென்ஸை என் கையில் தந்தார். பட்டுத்துணிக் காசில், ராஜாவின் கன்னமெங்கும் தும்பு இழுத்த கீறல்கள். ஒரு மனிதரின் கூரையை நானே தேய்த்து அழித்திருக்கிறேன்.

என் முகத்தைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். அவித்த முட்டையை உடைத்துக் காசோடு டப்பாவில் மூடி வைத்தால் இரண்டு நாளில் கறுப்பு ஏறிவிடும். ஐயாவுக்கு வித்தியாசம் தெரியாது. அனுப்பட்டும், அங்கே பிடிபட்டாலும் யார் கழுவியது என்று யாருக்குத் தெரியப் போகிறது?

மறைக்காமல் சொல்கிறேன், வீட்டுக்கு வந்ததும் முட்டை அவித்தேன். முதலில் அந்தப் பட்டுத்துணிக் காசைத்தான் டப்பாவில் போட்டேன். கணவரிடம் மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் காலை திறந்தால், அடிபட்ட தோலில் இரத்தம் கன்றியதுபோல் திட்டுத் திட்டாக நீலமும் கறுப்பும். மற்றதையும் போடலாமா, இதோடு விடலாமா என்று டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது. பஸ் ஓடத் தொடங்கியதும் ஐயா தானே கிளம்பி வந்துவிட்டார்.

தலை நரைத்து, பாதியாகிப் போயிருந்தார். தேத்தண்ணீர் குடித்தார், என் பிள்ளைகளை விசாரித்தார். கடைசியில், டப்பாவிலிருந்த அந்தக் காசையும் மற்றவற்றுக்கு அடியில் செருகி, துணியை அவர் முன் வைத்தேன். பிரித்தார். ஒரு காசை எடுத்து விளிம்பில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது, அவர் விரல்கள் அதைச் சொல்லின. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"இத்தனை வருஷமாக் கவனமா வைச்சிருக்கிறியள். பெரிய உபகாரம் தங்கச்சி."

அதோடு முடிந்திருக்கும். நான் வாயைத் திறக்காவிட்டால் அவர் விழுங்கிக்கொண்டே போயிருப்பார். துணியை முடிச்சுப் போடும்போது அந்த நீலக் காசு அவர் கண்ணில் பட்டது. "இது மட்டும் ஏன் இப்பிடி?" என்று கேட்டார், சந்தேகமே இல்லாமல்.

எனக்கு அழுகை வெடித்தது. கம்பியோடு வந்தவனை, புளிப்பானையை, தும்பை, சாம்பலை, எல்லாம் கொட்டினேன். முட்டையைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. சொன்னேன். அதை அனுப்பச் சொல்லவும், அவரைக் கடன்பட வைக்கவும் இருந்தேன் என்பதையும் சொன்னேன். கணவர் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஐயா அந்த நீலக் காசைத் துணிக்குள் திரும்ப வைத்தார்.

"நீங்கள் கறுப்பாக்கித் தந்ததை அனுப்பியிருந்தா, அந்தக் கம்பனிக்காரங்கள்தான் கழுவிப் பழுதாக்கிப்போட்டாங்கள் எண்டு சண்டைக்குப் போயிருப்பன் தங்கச்சி. உங்களை நினைச்சிருக்கவே மாட்டன்."

குத்திக்காட்டச் சொன்னதல்ல. உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான். காசுகள் எந்தக் கம்பனிக்கும் போகவில்லை. டவுனிலேயே வெறும் வெள்ளி விலைக்கு விற்றார். ஒரு அறைக்கு மட்டும் தகரம் போட முடிந்தது என்று பிறகு எழுதினார். மீதிக் கூரைக்கு நாங்கள் அனுப்பிய பணத்தை நலம் விசாரித்து ஒரு கடிதத்தோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

புளியில் போட்டதற்காக நான் வெட்கப்பட்டதில்லை, அன்று இருந்த புத்தி அவ்வளவுதான். ஆனால் என்னைச் சந்தேகிக்கவே தெரியாத ஒருவரை ஏமாற்ற, அவர் என்மேல் வைத்திருந்த நம்பிக்கையையே துணைக்கு எடுக்கப் பார்த்தேனே, அந்த ஒன்று இன்றைக்கும் என்னைத் தலைநிமிர விடுவதில்லை.