செவ்வாய்க்கிழமையின் காலி நாற்காலிகள்

அடுத்தவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, கொடுக்கும் மைலோவைக் குடித்து, சொல்வதைக் கேட்பதுதான் என் உத்தியோகம்; எண்களை விட்டுவிட்டு ஆட்களைக் கேட்கும் பண்புசார் ஆய்வு என்று அதற்குப் பேர். கதவைத் தட்டிவிட்டு நாய்க்குப் பயந்து நின்றவர்களே, உங்களுக்கு இது புரியும்.

ஜன்னலோர முடிவு

மாசாய் பக்கம் ஒரு கிளினிக்கில் செவ்வாய்தோறும் பெண்களுக்கு இலவச கர்ப்பப்பைப் பரிசோதனை. அந்த வரிசை நாற்காலிகள் காலி. சர்வேயில் மட்டும் எல்லாரும் ‘திருப்தி’ என்று டிக் அடித்திருந்தார்கள். அடுத்த மாதத்தோடு அதை மூடப்போகிறார்கள். நான் போய் அந்தப் பெண்களிடம் பேசிப் பார்க்கிறேன் என்றேன். மேலதிகாரி சந்திரன் சார் ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தபடியே சொன்னார்: “விழிப்புணர்வு இல்ல, அவ்வளவுதான். வேணும்னா போய்க் கதை கேட்டுட்டு வாங்க.”

ஃபேன் சத்தம்

மூன்று வாரம் பிளாட் பிளாட்டாக ஏறினேன். மழைக்கு இருட்டிய மதியங்கள், எல்லா வீட்டிலும் அதே ஃபேன் சத்தம். பஸ்ஸில் கண்ணை மூடிப் பேட்டிப் பதிவுகளைக் கேட்டால், ஒரே பெண் தூக்கத்தில் பேசிக்கொண்டே இருப்பதுபோல் தோன்றும். கிளினிக் நல்லாத்தான் இருக்கு, நேரம்தான் இல்ல, நேரம்தான் இல்ல...

எனக்கு எரிச்சலாக வந்தது. நேரமில்லை என்று சொன்ன கையோடு ஓர் அக்கா தட்டை நீட்டினார்: “என்ன அவசரம் லா? இன்னொரு வடை எடுத்துக்குங்க.”

செருப்பு மாட்டும்போது

கலா அக்காவுக்குத் தொழிற்சாலை வேலை. ஒரு மணி நேரமும் ‘எல்லாம் ஓகே’தான். ரெக்கார்டரை அணைத்துவிட்டு வாசலில் செருப்பு மாட்டினேன். கிரில் கதவைப் பிடித்தபடி மெல்லச் சொன்னார்: மூன்று மாதமாக ரத்தப்போக்கு, பயமாக இருக்கிறது. எனக்குத் திக்கென்றது. வேறு கிளினிக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன், சிரித்து மழுப்பினார். இங்கேயாவது போகலாமே என்றேன்.

“மைக்ல பேரைச் சொல்லி, என்ன டெஸ்ட்டுன்னும் சொல்றாங்கம்மா. பக்கத்து வரிசையிலயே மருந்து வாங்க எங்க சூப்பர்வைசர் உட்கார்ந்திருப்பாரு. வெக்கமா இருக்கு லா.”

டோக்கன்

பேர் போடாமல் எழுதலாமா என்று கலா அக்காவிடம் கேட்டுச் சம்மதம் வாங்கினேன். பழைய வீடுகளுக்கும் திரும்பப் போய் மைக்கைப் பற்றிக் கேட்டேன்; எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார்கள். சந்திரன் சார் அறிக்கையை இரண்டு தடவை படித்துவிட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். மூடும் உத்தரவு நின்றது. மைக் போய் எண் போட்ட டோக்கன் வந்தது; கலா அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

அடுத்த செவ்வாய் ஓரமாக நின்று பார்த்தேன். திரையில் எண்கள் சத்தமில்லாமல் மாறின. கலா அக்கா எழுந்து உள்ளே போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்: “ரிசல்ட் வர ரெண்டு வாரமாம். யாரும் பேரைக் கூப்பிடலம்மா, நான் வெறும் பதினாலு! அப்பாடா!”

எண்களுக்குப் பின்னால் இருக்கும் மனுஷியைத் தேடிப்போன நான், கடைசியில் அவருக்கு ஓர் எண் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.