முதல் ஆளின் இடம்

ஜப்பானின் ஹாகி ஊரில் தேநீர் விருந்து என்றால் சண்டை நிச்சயம். அடிதடி இல்லை, மரியாதைச் சண்டை. பாய் விரித்த கூடத்தில் விருந்தாளிகள் வரிசையாக உட்கார வேண்டும். அந்த வரிசையில் முதல் இடம் யாருக்கும் வேண்டாம். "நீங்க போங்க", "ஐயையோ, நான் எதுக்கு, நீங்கதான் பெரியவங்க" என்று வாசலிலேயே நின்று ஒருவர் முதுகை ஒருவர் தள்ளிக்கொண்டிருப்பார்கள். காரணம் இல்லாமல் இல்லை. முதல் இடத்தில் உட்கார்ந்தவர்தான் அத்தனை பேர் சார்பிலும் வாயைத் திறக்க வேண்டும். சுவரில் தொங்கும் தூரிகை எழுத்தைப் பற்றி, ஜாடியில் இருக்கும் பூவைப் பற்றி, கிண்ணம் யார் கைவேலை என்பதைப் பற்றி எல்லாம் அவர்தான் கேட்க வேண்டும். மற்றவர்கள் இனிப்பைத் தின்றுவிட்டு, தேநீரைக் குடித்துவிட்டு, மரத்துப்போன காலைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

அந்தக் கஷ்டத்துக்கு ஒரு கூலியும் உண்டு. விருந்தின் தலையாய கிண்ணம் முதல் ஆளின் கைக்குத்தான் வரும். மற்றவர்களுக்குப் பின்கட்டிலிருந்து ஒரே மாதிரியான வெள்ளைக் கிண்ணங்கள் வரும்.

மிட்சுயோ வருஷா வருஷம் தேநீர் வகுப்பு நடத்தும் குனிஷிகே டீச்சரின் இலையுதிர்கால விருந்துக்குப் போவாள். கதவோரத்தில் கடைசி இடத்தில் உட்கார்ந்து வெள்ளைக் கிண்ணத்தில் குடிப்பாள். துறைமுகத் தெருவில் மீனை அரைத்துப் பலகையில் அப்பி ஆவியில் வேகவைக்கும் கமபோகோ கடை ஒன்றில் வேலை. அறுபதைத் தாண்டிவிட்டாள். கை வேலை செய்யும், வாய் செய்யாது. எங்கே எத்தனை பேர் கூடியிருந்தாலும் கடைசி இடத்தைத் தேடித்தான் அவள் கால் போகும். ஆனால் அந்த விருந்தில் அவள் கண் முழுக்க முதல் ஆளின் கையில் இருக்கும் கிண்ணத்தின் மேல்தான் இருக்கும். அது அவள் வீட்டுக் கிண்ணம்.

அவள் புருஷன் ஹருஜி ஒரு சூளையில் மண் மிதிக்கிற ஆள். கிண்ணம் வனைவது முதலாளி, பெயர் முதலாளிக்கு, முத்திரையும் அவருடையதுதான். ஹருஜி சக்கரத்தில் உட்கார்ந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் முதலாளி நல்ல மனநிலையில் இருந்த ஒரு நாள். ஒரு கிண்ணம் வனைந்தான். சுமாராகத்தான் வந்தது. ஈரம் காயும் முன்னே அவசரப்பட்டுத் தூக்கியதில் விளிம்புக்குக் கீழே கட்டைவிரல் அழுந்திப் பள்ளமாகிவிட்டது. வெட்கப்பட்டு நசுக்கப் போனவனை முதலாளிதான் தடுத்து, "விடுடா, உன் பொண்டாட்டிக்குக் கொண்டு போ" என்று சூளையின் மூலையில் வைத்துச் சுட்டுக் கொடுத்தார்.

ஹாகிக் கிண்ணம் முதலில் கசியும். மிட்சுயோ அதைக் கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டுக் கசிவை அடைத்தாள். அப்புறம் தினமும் சாப்பாடு முடிந்ததும் அதில் சூடான பார்லித் தண்ணீர் ஊற்றுவாள். பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, பள்ளத்துக்கு மேலே வாய்வைத்து ஹருஜி பாதி குடிப்பான். பிறகு கிண்ணத்தை மேசையின் மேல் அவள் பக்கம் தள்ளுவான். மீதிப் பாதியை அதே இடத்தில் வாய்வைத்து அவள் குடிப்பாள். கல்யாணம் ஆன புதிதில் வீட்டில் வேறு கிண்ணம் இல்லாமல் ஆரம்பித்த பழக்கம். கிண்ணங்கள் வந்த பிறகும் விடவில்லை.

ஹருஜி நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். சடங்கெல்லாம் முடிந்த மறுநாள் மிட்சுயோ கிண்ணத்தைத் துணியில் சுற்றி, கமபோகோ வாடிக்கையாளரான குனிஷிகே டீச்சர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். "இதைப் பாக்கவே முடியல. நீங்க வெச்சுக்கோங்க" என்று வாசலிலேயே கொடுத்துவிட்டு, உள்ளே வரச் சொன்னதைக்கூடக் காதில் வாங்காமல் திரும்பிவிட்டாள். அன்றைக்கு அது சரியென்றுதான் பட்டது. குளிர்காலம் வருவதற்குள்ளேயே கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் கை தானாக மேசையின் மேல் நீளும். அங்கே ஒன்றும் இருக்காது. அந்த வெறுமையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அவளுடைய ஒவ்வொரு நாளும் அதில்தான் போய் முடிந்தது.

திருப்பிக் கேட்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் இந்த ஊரில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதும் தெருவில் துணியில்லாமல் நடப்பதும் ஒன்றுதான். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை, கடைசி இடத்திலிருந்து, யார் யாரோ அதில் குடிப்பதைப் பார்த்துவிட்டு வருவதோடு நிறுத்திக்கொண்டாள்.

இந்த வருஷம் டீச்சர் ஹாகியைக் காலி செய்துவிட்டு ஃபுகுவோகாவில் மகன் வீட்டோடு போகிறார், இதுதான் கடைசி விருந்து என்று செய்தி வந்தது. அன்றைக்கு மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்த மிட்சுயோ கூட வேலை செய்யும் ஃபுசாவிடம், "இந்தத் தடவை நான் முதல் இடத்துல உக்காரப் போறேன்" என்றாள்.

ஃபுசா கத்தியைக் கீழே வைத்தாள். "நீயாக்கா? கடைக்கு வர்றவங்களுக்கு வணக்கம் சொல்லவே உனக்கு வாய் வலிக்கும்."

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. என்ன கேக்கணும்னு சொல்லிக் குடு."

ஃபுசா சில மாதம் தேநீர் வகுப்புக்குப் போய் முட்டிவலியில் நின்றவள். அந்தப் பெருமை இன்னும் போகவில்லை. ஒரு மீனை எடுத்துப் பலகையில் நிமிர்த்தி வைத்தாள். "இதுதான் டீச்சர். கேளு."

மிட்சுயோ மீனை முறைத்தாள். "இந்தக் கிண்ணத்தைச் செஞ்சது யாருங்க?"

"திருடனைப் பிடிச்ச போலீஸ் கேக்குற மாதிரி இருக்கு. கொஞ்சம் குழைஞ்சு கேளுக்கா."

"எனக்குக் குழைய வராது."

"எதுக்கு இவ்வளவு பாடு? டீச்சர் நல்லவங்கதானே. 'ஒரே ஒரு தடவை குடுங்க'ன்னு நேரா கேட்டா என்ன?"

"குடுத்ததை எப்படி ஃபுசா கேக்கறது?"

ஃபுசா சாய்ந்த மீனை மறுபடி நிமிர்த்தி வைத்தாள். "சரி, மறுபடி கேளு. மீன் காத்துக்கிட்டு இருக்கு" என்றாள்.

விருந்து நாளில் கூடத்து வாசலில் வழக்கமான சண்டை தொடங்கிவிட்டது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஓடாமுராவை எல்லோரும் முதல் இடத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மூன்று முறை மறுத்துவிட்டு நான்காவது முறை முனகிக்கொண்டே போய் உட்காருவது அவர் வழக்கம். அதற்கென்றே புதுக் கால்சராயும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "வேண்டாம் வேண்டாம், எனக்கு என்ன தகுதி" என்று இரண்டாவது முறை அவர் கையை ஆட்டிக்கொண்டிருந்தபோது, மிட்சுயோ குனிந்த தலை நிமிராமல் அவரைத் தாண்டிப் போய் முதல் இடத்தில் உட்கார்ந்தாள்.

தள்ளிக்கொண்டிருந்த கைகள் அந்தரத்தில் நின்றன. "கமபோகோ கடை அம்மா இல்ல அது?" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். ஓடாமுரா தொண்டையைச் செருமிவிட்டு இரண்டாவது இடத்தில் வந்து உட்கார்ந்தார். மிட்சுயோவின் காது இரண்டும் சூடேறின. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. கிமோனோவின் மடிப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குனிஷிகே டீச்சர் உள்ளே வந்து வணங்கினார். நிமிர்ந்தபோது முதல் இடத்தைப் பார்த்தார். ஒரு கணம் அவர் கை பாயிலேயே நின்றது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல அடுப்பின் முன் உட்கார்ந்து பச்சைத் தேயிலைத் தூளை எடுத்தார்.

மாணவி ஒருத்தி கிண்ணத்தைக் கொண்டுவந்து மிட்சுயோவின் முன்னால் வைத்தாள்.

இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது. ஹாகிக் கிண்ணம் குடிக்கக் குடிக்க நிறம் மாறும். தேநீர் விரிசல்களுக்குள் இறங்கி ஊறும். அவள் கொடுத்தபோது சந்தன நிறத்தில் இருந்தது, இப்போது கருத்து, புள்ளி புள்ளியாகக் கறை ஏறி, அடுத்த வீட்டில் வளர்ந்த பிள்ளைபோல இருந்தது. இதற்காகவா இத்தனை வருஷம் ஏங்கினோம் என்றுகூடத் தோன்றிவிட்டது.

அப்புறம்தான் பள்ளத்தைப் பார்த்தாள். கிண்ணத்தில் அழகான பக்கம் எதுவோ அதை முகமாக வைத்து விருந்தாளியைப் பார்க்க வைப்பது வழக்கம். டீச்சர் ஹருஜியின் கட்டைவிரல் பள்ளத்தையே முகமாக வைத்திருந்தார். முகத்தில் வாய் வைக்கக் கூடாது. எப்பேர்ப்பட்ட விருந்தாளியும் கிண்ணத்தைத் திருப்பி, முகத்தை விலக்கித்தான் குடிக்க வேண்டும். அதனால் விளிம்பு சுற்றிலும் கருத்துப்போயிருக்க, பள்ளத்துக்கு மேலே ஒரு வாயகலம் மட்டும் பழைய சந்தன நிறத்திலேயே இருந்தது. யார் யாரோ குடித்திருக்கிறார்கள். அந்த இடத்தில் யாரும் குடிக்கவில்லை.

மிட்சுயோ பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "உங்களுக்கு முன்னாடி குடிக்கிறேன், மன்னிக்கணும்" என்றாள். அது சரியாகவே வந்தது. கிண்ணத்தை எடுத்தாள். கட்டைவிரல் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்தது. திருப்பவில்லை. அப்படியே வாய்வைத்துக் குடித்தாள்.

"திருப்பணும்மா, திருப்பணும்" என்று ஓடாமுரா உதடு அசையாமல் சொன்னார். கூடத்தில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. பள்ளிக்கூடத்துப் பெண்கள்கூடச் செய்யாத தப்பு அது, அதுவும் முதல் இடத்தில் இருந்துகொண்டு. மிட்சுயோவின் காதில் எதுவும் விழவில்லை. பாதி குடித்ததும் பழக்கத்தில் நிறுத்திவிட்டாள். பிறகு நினைவு வந்து மீதியையும் குடித்தாள்.

எழுத்தைப் பற்றிக் கேட்க வேண்டியதும் பூவைப் பற்றிக் கேட்க வேண்டியதும் சுத்தமாக மறந்துபோயின. மீனிடம் கேட்டது மட்டும் நினைவிருந்தது.

"இந்தக் கிண்ணத்தைச் செஞ்சது யாருங்க?"

குழையத்தான் இல்லை. டீச்சர் துணியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"இந்த ஊர்ல மண்ணு மிதிச்ச ஹருஜிங்கறவர். கிண்ணம் என்னுது இல்லீங்க, இரவல். உரிமைக்காரங்க வந்து கேக்குற வரைக்கும் பத்திரமா வெச்சிருக்கேன்."

மிட்சுயோ அவரையே பார்த்தாள். ஓடாமுரா தனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாதவர். "போன வருஷம் நான் கேட்டப்பவும் டீச்சர் இதேதான் சொன்னாங்க" என்றார்.

"எல்லா வருஷமும் இதேதான் சொல்றேன்" என்றார் டீச்சர். "நீங்க எப்பவும் அந்தக் கதவோரத்துலயே உக்காந்துட்டீங்க. என் குரல் அவ்வளவு தூரம் வராது."

"நீங்க... என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"பாக்கவே முடியலன்னு சொல்லிட்டுப் போனீங்க. அப்புறம் நானா எப்படிக் கொண்டுவந்து உங்க முன்னாடி நீட்டறது? வருஷா வருஷம் வர்றீங்க, பாத்துட்டுப் போறீங்க. பாத்தாப் போதும் போலன்னு நெனைச்சுட்டேன்."

ஒருவர் கேட்கக் கூடாது என்று இருந்தார், ஒருவர் நீட்டக் கூடாது என்று இருந்தார். இந்த ஊர்க்காரர்களின் மரியாதையைத் தூக்கி உலையில்தான் போட வேண்டும். எத்தனை ராத்திரிச் சாப்பாடு அப்படிப் போயிருக்கும்.

குடித்து முடித்தவர், கிண்ணத்தின் முகம் டீச்சரைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட வேண்டும். மிட்சுயோவுக்கு அது தெரியும். பள்ளம் அந்தப் பக்கம் போகும்படி திருப்பி, பாயில் வைத்து முன்னால் நகர்த்தினாள். டீச்சர் அதை எடுக்கவில்லை. இரண்டு விரலால் விளிம்பைத் தொட்டு, பள்ளம் மிட்சுயோவைப் பார்க்கும்படி மறுபடி திருப்பி, அவள் பக்கமே தள்ளினார்.

"உங்க வீட்டுல எப்படியோ அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அன்று ராத்திரி மிட்சுயோ சாப்பிட்டு முடித்துக் கிண்ணத்தில் பார்லித் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். கிண்ணம் வந்துவிட்டால் போதும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். வந்துவிட்டது. ஏக்கம் நேற்று இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தக் கிண்ணத்தில் முதல் பாதியை அவள் ஒருநாளும் குடித்ததில்லை. முதல் பாதியை யார் குடிப்பது என்று தெரியவில்லை.

கிண்ணத்தை மேசையின் எதிர்ப்பக்கம் தள்ளி வைத்தாள். ஆவி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் ஹருஜியின் இடத்தில் உட்கார்ந்து பாதி குடித்தாள். கிண்ணத்தை எதிரே இருந்த தன் இடத்துக்குத் தள்ளிவிட்டு, சுற்றிக்கொண்டு அங்கே வந்து, மீதியைக் குடித்தாள்.